ஒரு சொல் அகலம்

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கணினித் திரையில் விண்டோவின் ஓரத்தில் கை வைக்கக் கூடாது. எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். காது கேட்காதவர்கள் வரும் கூட்டங்களில், மேடையில் பேசுவதை அப்படியே டைப் செய்து திரையில் ஓடவிடுவது என் வேலை. அதற்கென்று பெரிய மென்பொருள் எதுவும் எங்களிடம் கிடையாது. ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர், கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, அவ்வளவுதான். அதன் அகலம், உயரம் எல்லாவற்றையும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே சரிசெய்து வைத்துவிட வேண்டும். எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போச்சு. வரிகளெல்லாம் மடங்கும். ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், படித்துக்கொண்டிருந்தவர் எங்கே விட்டோம் என்று தெரியாமல், பஸ்ஸில் தூங்கி எழுந்தவர் மாதிரி முழிப்பார்.

வெளியே இந்தப் பாடத்தை நான் மீறியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. வீட்டில் தினமும் மீறினேன். அக்காவுக்காக.

அக்கா என் உடன்பிறந்தவள். கடைத்தெருவில் மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஒரு பெண்ணின் தலைமுடியைக் கையில் எடுத்தால் போதும், அந்த வீட்டு விஷயம் மொத்தமும் தானாக வந்து கொட்டும் என்பாள். யார் மாமியார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டில் கார் வாங்கியதே பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரிவதற்குத்தான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நேராக என்னிடம் வந்து அத்தனையையும் இறக்கி வைப்பாள். எனக்கும் அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாசமாக இருந்தோம் என்பதைவிட, ஒருவரோடு ஒருவர் வம்பு பேசினோம் என்று சொல்வதுதான் சரி. பாசமெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

முதலில் காது போனது. கொஞ்சம் கொஞ்சமாக, மெஷின் வைத்துக்கொண்டு சமாளித்து, பிறகு மெஷினுக்கும் ஒன்றும் கேட்காமல் முழுசாகப் போனது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் காது நுனியைக் கத்தரியால் நறுக்கிவிட்டாள். அந்தக் காது அவள் கண்ணிலேயே படவில்லை. அன்றைக்குத்தான் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதும் கண்ணும் சேர்ந்து போகும் பரம்பரை வியாதி ஒன்று இருக்கிறதாம். எனக்கு வராமல் அவளுக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டேன். பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வரும், இப்போது ஒரு வளையல் வழியாகப் பார்ப்பது போல இருக்கும், போகப்போக மோதிரம் வழியாகப் பார்ப்பது போல ஆகும் என்றார். நான் மடிக்கணினியை அக்கா முன்னால் வைத்து அதை அப்படியே டைப் செய்தேன். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது என்பதுதானே எங்கள் தொழில் தர்மம்.

அக்கா படித்தாள். மோதிரத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்டாள். டாக்டர் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். அதை மட்டும் நான் டைப் செய்யவில்லை.

அத்தான் காலமாகி ரொம்ப நாளாகிவிட்டது. அவள் பெண் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அதனால் அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகைக் கட்டின்மேல் ஒரு மானிட்டரை ஏற்றி வைத்து, அதற்கு எதிரே அவள் நாற்காலியைப் போட்டேன். மேசையின் மறுபக்கம் என் மடிக்கணினி. நான் பேசுவதற்குப் பதிலாக டைப் செய்வேன், மானிட்டரில் மஞ்சளாக ஓடும், அவள் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். அவள் குரல் அவளுக்கே கேட்காததால் தெருமுனைவரை கேட்கும். மாடி வீட்டுக்காரரைப் பற்றி நாங்கள் பேசிய வம்பு மாடி வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கும். அதற்கப்புறம் அவர் படியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. அக்காவுக்குக் கண் தெரியவில்லை என்றதும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு. அக்கா வந்து உட்கார்ந்து, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, திரையில பூசணிக்காயா அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. எழுத்து பெரிதாக ஆக, அவளுடைய வளையலுக்கு வெளியே வழிந்துவிடும். அவளுக்கு வேண்டியது பெரிய எழுத்து கிடையாது. சின்ன எழுத்தாக, நாலைந்து சொல்லாக, திரைக்கு நடுவில், அவள் பார்வை விழுகிற இடத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் எழுத்தை விட்டுவிட்டு விண்டோவைச் சுருக்கினோம்.

அன்றிலிருந்து அந்த விண்டோவின் அகலம்தான் அக்காவின் கண்.

எப்போது சுருக்க வேண்டும் என்பதற்கு ஒரு அடையாளம் கண்டுபிடித்தேன். அகலம் அதிகமாகிவிட்டால் வரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக அவள் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். பந்தாட்டம் பார்ப்பவர்போலத் தலை இப்படியும் அப்படியும் ஆடும். நான் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவேன். தலை ஆடுவது நின்றால் அகலம் சரி. சில வாரங்கள் அப்படியே ஓடும். மறுபடி ஆடும். மறுபடி தள்ளுவேன்.

ஆனால் அவள் கண்ணெதிரே தள்ளினால் வரிகள் மடங்கிக் குதிக்கும். "ஆட்டாதேடி, வாலு" என்று கத்துவாள். கத்துவதுகூடப் பரவாயில்லை. சுருக்குகிறேன் என்று தெரிந்ததும் அவள் முகம் ஒருமாதிரி இறங்கிவிடும், அதை என்னால் பார்க்க முடியாது. அதற்கும் ஒரு வழி கிடைத்தது. அக்கா சிரிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் கண்ணை மூடிச் சிரிக்கிற நேரத்தில் நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் ஓரத்தைப் பிடித்து விரல்கடை அளவு உள்ளே தள்ளிவிடுவேன். கண்ணைத் திறக்கும்போது எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றும்.

ஆகவே விண்டோவைச் சுருக்க வேண்டுமானால் அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். இந்த வேலை சாமானியம் இல்லை. உண்மையான வம்பு தீர்ந்துபோனபோது நானாகக் கட்டிவிட ஆரம்பித்தேன். மாடி வீட்டுக்காரர் மழையில் நின்றபடி கார் கழுவினார் என்றேன். எங்கள் மேனேஜர் விக் வைத்திருக்கிறார், ஃபேனுக்கு நேரே உட்காரவே மாட்டார் என்றேன். பாவம், அவருக்கு நல்ல அடர்த்தியான முடி. சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது என்கிற தர்மமெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் காற்றில் பறந்தது.

சுருங்கச் சுருங்க நான் எழுதுகிற தமிழும் சுருங்கியது. நம் சொற்கள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமாகப் போகிறவை. 'சொல்லிக்கொண்டிருந்தார்களாம்' என்று அடித்தால் அது பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த வரிக்கு இறங்கும், அக்கா தலையைத் தாழ்த்தி மிச்சத்தைத் தேடுவாள். அதனால் 'சொன்னாங்க' என்று முடித்துக்கொள்வேன். யார் சொன்னது, எந்தத் தொனியில் சொன்னது, சொல்லும்போது மூக்கை எப்படிச் சுளித்தாள் என்பதெல்லாம் இடமில்லாமல் வெளியே நின்றன. மூக்குச் சுளிப்பு இல்லாமல் என்ன வம்பு?

என் கைக்கும் அது பழக்கமாகிவிட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் கூட்டத்தில் மேடையில் யாரோ ஒரு நகைச்சுவை சொன்னார், அரங்கம் சிரித்தது. என் இடது கை என்னைக் கேட்காமலே போய் விண்டோவை இழுத்து மூன்று சொல் அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த எழுத்து நடுவில் ஒரு மஞ்சள் கயிறாகத் தொங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கையாட்டினார்கள். மௌஸ் கெட்டுப்போய்விட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மூன்று சொல் அகலம் எவ்வளவு குறுகல் என்பதை அன்றைக்குத்தான் ஒரு பெரிய சுவரில் பார்த்தேன்.

டாக்டர் ஒரு பயிற்சிக்கார அம்மாவை அனுப்பிவைத்தார். காதும் கண்ணும் இல்லாதவர்களுக்கு உள்ளங்கையில் விரலால் எழுதிப் பேசக் கற்றுக்கொடுப்பவர். ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டுத் தட்டினால் இல்லை. மற்றதெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டும். கண் இருக்கும்போதே பழகிக்கொண்டால்தான் உண்டு என்றார் அந்த அம்மா. நான் அதை மானிட்டரில் அடித்துக் காட்டினேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கையில எழுதி வம்பு பேச முடியுமா?"

அந்த அம்மா நேர்மையானவர். முதலில் தண்ணீர், சாப்பாடு, வலி, குளியல் என்று ஆரம்பிக்கலாம், சின்ன வயதிலேயே பழகியவர்கள் கதையே பேசுவார்கள், இந்த வயதில் தொடங்கினால் அவ்வளவு தூரம் போவது கஷ்டம் என்றார். நானும் அப்படியே டைப் செய்தேன். அக்கா படித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காலமெல்லாம் தலைச்சாயத்திலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறிய கை அது. தோல் தடித்து, மரத்துப்போயிருந்தது. ஒரே எழுத்தை மூன்று நான்கு தரம் எழுதினால்தான் பிடிபடும். சொல் முடிவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். ஒரு சாயங்காலம் 'தூக்கம்' என்று எழுதி முடிப்பதற்குள் அவளுக்கு நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது. அடுத்த தடவை பயிற்சிக்கார அம்மா வந்தபோது, கைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கைக்குப் போய்விட்டால் அவளுக்குச் சோறு போடலாம், குளிப்பாட்டலாம், மாத்திரை கொடுக்கலாம், மாடி வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் பேச முடியாது. அப்படியொரு வீட்டில் அவளும் நானும் என்ன செய்வது?

அதன்பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. மிச்சமிருந்த மோதிரத்துக்குள்ளும் மூட்டம் போடத் தொடங்கியது. சின்ன எழுத்து கலங்கித் தெரிகிறது என்றாள். பெரிதாக்கினால் வெளியே வழிகிறது, சிறிதாக்கினால் கலங்குகிறது. வேறு வழியில்லாமல் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே விண்டோவைச் சுருக்கினேன். கடைசியில் ஒரு வரிக்கு ஒரு சொல் என்று வந்து நின்றது. அதற்குமேல் உள்ளே தள்ளினால் ஓரம் நகரவில்லை. மேலே இருக்கிற மெனுவுக்கு இடம் வேண்டுமாம், இதைவிடக் குறுகலாக அந்த எடிட்டர் ஆகாது. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நோண்டினார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் வெளியே எடுத்தவர், அன்றைக்குத் தோற்றுப்போய் எழுந்தார். "இதோட குறைஞ்ச அளவு இதுதான்" என்றார், யாரோ அவரைத் திட்டியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

ஆனால் அந்த ஒரு சொல் அகலத்தில் அக்கா நிலைத்துவிட்டாள். தலை ஆடவே இல்லை. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மேசைமேல் பரப்பி வைத்தபடி, அசையாமல் படித்தாள். நான் சொல் சொல்லாக அடிப்பேன். சரியான இடத்தில் "ம்" கொட்டுவாள், "அப்படியா" என்பாள், சரியான இடத்தில் கண்ணை மூடிச் சிரிப்பாள். முன்னைப்போல எதிர்க்கேள்வி கேட்பது மட்டும் குறைந்திருந்தது. வயதாகிறது, அலுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கும்போது என் கை பழக்கதோஷத்தில் ஓரத்துக்குப் போகும், நகராத ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.

நோய் நின்றுவிட்டது என்று நம்பினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, எனக்காகத் தலையாட்டினார். டாக்டர் சொல்வதெல்லாம் நடந்துவிடுமா, சிலருக்கு ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதும் உண்டு என்று எங்கோ படித்ததாக நானே சொல்லிக்கொண்டேன். அக்கா பெண்ணிடமும் போனில் சொல்லிவிட்டேன், அம்மாவுக்குக் கண் இப்போது ஒரே மாதிரி இருக்கிறது, இறங்கவில்லை என்று. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் அழைப்பாள். போனை மடிக்கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். அவள் பேசுவதை நான் டைப் செய்ய, அக்கா மானிட்டரைப் பார்த்துப் பதில் சொல்ல, அவள் அங்கே கேட்பாள். அக்காவுக்கு வாரத்தின் மற்ற நாளெல்லாம் அந்த ஒரு காலைக்காகத்தான். அதற்காகவே தலை வாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கு அந்தப் பெண் பெரிய கதையோடு வந்தாள். அம்மாவின் பெண்தானே. அலுவலக வாசலில் ஸ்கூட்டரோடு விழுந்திருக்கிறாள். குறுக்கே வந்தது ஒரு நாய்க்குட்டி. இவள் விழுந்ததும் நாய்க்குட்டி ஓடிப்போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ இவள்தான் அதன்மேல் மோத வந்ததுபோல முறைத்ததாம். இவளைக் கண்டாலே எரிந்து விழுகிற செக்யூரிட்டி ஓடிவந்து தூக்கிவிட்டு, "மேடம், ஐடி கார்டு" என்று கேட்டாராம். இவள் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு உள்ளே போனாளாம், இன்னொரு செருப்பை நாய்க்குட்டி எடுத்துப் போய்விட்டது. சொல்லும்போதே செக்யூரிட்டி மாதிரி மீசையை முறுக்கினாள், நாய்க்குட்டி மாதிரி முறைத்தாள். நான் சிரித்துக்கொண்டே அடித்தேன். 'ஸ்கூட்டர்.' 'விழுந்தா.' 'நாய்க்குட்டி.' 'முறைச்சுது.' அக்கா "ம்", "ம்" என்றாள்.

'செக்யூரிட்டி' என்கிற சொல் அந்த அகலத்தில் அடங்கவில்லை. கடைசி எழுத்து அறுந்து கீழே விழுந்தது. அந்த ஒரு எழுத்துக்காகக் கொஞ்சம் வெளியே இழுக்கலாம் என்று ஓரத்தைப் பிடித்தேன். எடிட்டர் அப்படியே உறைந்துவிட்டது. கறுப்பெல்லாம் போய் விண்டோ வெள்ளையானது, மேலே 'பதிலளிக்கவில்லை' என்று வந்தது. எழுத்து எதுவும் இல்லை. அடிக்கிற விசையும் ஏறவில்லை. நான் கையை எடுத்துவிட்டு, சரியாகட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் போனில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். முழங்கையில் எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிந்துவிட்டது, தையல் போட்டிருக்கிறது என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக் கட்டைக் காட்டினாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான் எட்டி மானிட்டரைப் பார்த்தேன். வெள்ளை. அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்து, அந்த வெள்ளையை நேராகப் பார்த்து, "அப்படிப் போடு. அப்புறம்?" என்றாள்.

போனில் அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். "சித்தி, நான் தையல் போட்டதைச் சொன்னேன். அம்மா படிக்கிறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"படிக்கிறா. இங்க கொஞ்சம் லேட்டா ஓடுது. நாய்க்குட்டிக்குச் சிரிக்கிறா" என்றேன். என் வாய் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

அந்தப் பெண் நம்பினாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசை. மீதிக் கதையையும் சொன்னாள், மாமியார் வந்து பார்த்துக்கொள்கிறார், புதுச் செருப்பு வாங்கிவிட்டேன், அந்த நாய்க்குட்டி இப்போது தினமும் வாசலில் வந்து காத்திருக்கிறது என்று. நான் உறைந்துபோன மடிக்கணினியில் ஒரு விசை விடாமல் அத்தனையையும் அடித்தேன். ஒரு எழுத்தும் எங்கும் விழவில்லை. அக்கா சரியான இடங்களில் "ம்" என்றாள். நான் வேண்டுமென்றே நிறுத்தியபோது சிரித்தாள்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் மேசையில் அழுந்தப் பதிந்திருந்தன. மரத்துப்போன தோலுக்கு விரல் எழுத்துத் தெரியாது, ஆனால் மேசை அதிர்வது எலும்புக்குத் தெரிந்திருக்கிறது. நான் அடித்தால் மேசை அதிரும். வாக்கியம் முடிந்தால் ஒரு கணம் நிற்கும், அப்போது "ம்". அதிர்வு நீண்ட நேரம் நின்றுவிட்டால் அது சிரிக்க வேண்டிய இடம். அவள் சிரிக்கிற நேரமெல்லாம் நான் அடிப்பதை நிறுத்திவிட்டு ஓரத்தைப் பிடிப்பவள் அல்லவா, அதை அவள் என்றைக்கோ கற்றுக்கொண்டுவிட்டாள். தலை ஆடாமல் இருந்தது அகலம் சரியாகிவிட்டதால் இல்லை. ஆட்டித் தேடுவதற்கு அங்கே அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் ஒரு மாதமாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் துண்டானதும் நான் அடிக்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்று, அவள் கைமேல் என் கையை வைத்தேன். என்னை அறியாமல் அழுத்தமாக வைத்துவிட்டேன்போலிருக்கிறது. அவள் முகம் மானிட்டர் பக்கமே இருந்தது.

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"கொஞ்ச நாளா வெளிச்சம் மட்டும்தான்டி. எழுத்து இல்ல. சொன்னா நீ அடிக்கறதை நிறுத்திடுவே. நீ அடிச்சா மேசை துடிக்கும், எனக்காகப் பேசிட்டிருக்கேன்னு தெரியும். அதையும் ஏன் கெடுத்துக்கணும்னு இருந்தேன்." வழக்கம்போலத் தெருமுனைவரை கேட்கிற குரலில்தான் சொன்னாள். என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து வெளியே வந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. ஒரு மாதம் நான் கட்டிவிட்ட மாடி வீட்டுக்காரர், மேனேஜர், அத்தனை பேரும் யாருக்கும் போய்ச் சேராமல் காற்றில் போயிருக்கிறார்கள். அவளைப் பிடித்து உலுக்கி, நாம் பயிற்சியை விட்டிருக்கக் கூடாது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தி என்ன பயன், அவளுக்குக் கேட்காது. டைப் அடித்தாலும் தெரியாது. நான் கோபமாக இருக்கிறேன் என்பதைக்கூட இனி அவளுக்கு எழுத்து எழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். அதற்குள் கோபம் ஆறிப்போகும்.

அவள் நாற்காலியைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். பவுடர் போட்ட முகம், வாரிய தலை. உள்ளங்கையை மல்லாத்தி என்முன் நீட்டினாள்.

"அவ என்ன சொன்னா இன்னிக்கு?"

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டர் என்று எழுதலாம். நாய்க்குட்டி என்று எழுதினால் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். அது முறைத்ததை எப்படி எழுதுவது? செக்யூரிட்டியின் மீசையை? 'விழுந்தாள்' என்று மட்டும் எழுதினால் பயந்துவிடுவாள். 'தையல்' என்று எழுதினால் அதன்பின் இன்னும் எவ்வளவோ எழுதினால்தான் அவள் மனசு சமாதானமாகும், அத்தனை எழுத்து அந்தக் கையில் நிற்காது. என் வீட்டுக்காரர் வந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். 'ந.' பிடிபடவில்லை என்று தலையசைத்தாள். மறுபடி எழுதினேன். மறுபடி. பிறகு 'ல'. பிறகு 'ம்', புள்ளியை நகத்தால் அழுத்தினேன்.

"நலம்" என்றாள் அக்கா.

ஒரு தட்டு.

இன்னும் வரும் என்று அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினேன். மூடிய கையை அவள் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் பேசினாளே" என்றாள். "அவ்வளவுதானா?"

நான் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.